ஊரெல்லாம் சொந்தம் இருந்தும் கடலைக்கு விலை கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு

சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்பதைப் பார்க்காதீர்கள், வெளியூரில் யாரைத் தெரியும் என்று பாருங்கள். பக்கத்துக் காட்டுக்காரருக்கு மூட்டைக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது என்கிறீர்கள். உங்கள் உறவெல்லாம் அதே ஊரில் அதே நிலக்கடலையைப் போடுகிறது, விலை நிலவரமும் அதே வியாபாரி வாயிலிருந்து வருகிறது, மழை பொய்த்தால் எல்லோருக்கும் சேர்ந்தே பொய்க்கும்.

அநேகமாகக் காரணம் முன்பணம். விதைப்புக்கு வியாபாரியிடம் வாங்கியிருந்தால் அவர் சொல்வதுதான் விலை.

சரி, இந்த அறுவடையில் நாலைந்து மூட்டையை மட்டும் நன்றாகக் காயவைத்து அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலத்துக்கு (ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியாமல் வியாபாரிகள் எழுதிக் கொடுப்பது) வையுங்கள். தமிழ்நாட்டில் அங்கே விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை, 1 சதவீதச் சந்தைக் கட்டணமும் வாங்குகிற வியாபாரி கட்டுவது. வண்டி வாடகையைக் கழித்து, உங்கள் வியாபாரி தரும் விலையோடு ஒப்பிடுங்கள். அப்புறம், அங்கே வருகிற வெளியூர் விவசாயிகளிடம் போன் நம்பர் வாங்கிவிடுங்கள், உங்களிடம் இல்லாதது அந்த அறிமுகம்தான்.

ஆனால் வியாபாரியைச் சட்டென்று முறித்துக்கொள்ள வேண்டாம். நடுராத்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் தருகிறவரும் அவரே. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் (தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை) கைக்கு வந்த பிறகு அவர் கணக்கை நேர் செய்யுங்கள்.