மறதிக்குத் தலையில் மின்சாரம்: மாட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கேள்வி: வயது 64, சிங்கப்பூரில் யீஷூனில் வசிக்கிறேன். தெரிந்தவர்களின் பெயர்கூடச் சட்டென்று வாய்க்கு வருவதில்லை. மூளைக்கு மின்சாரம் தரும் கருவி ஒன்றை மகன் இணையத்தில் வாங்கித் தந்திருக்கிறான். இரண்டு பஞ்சுப் பட்டைகள், 2 மில்லியாம்ப், 20 நிமிடம். பயன்படுத்தலாமா? நீரிழிவுக்குப் பத்து ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன்.

பதில்: உங்கள் கடைசி வரியில்தான் முதலில் கண் நிற்கிறது. மெட்ஃபார்மினை நெடுநாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். பி12 குறைவு மறதியாகவும் வெளிப்படும். பலதுறை மருந்தகத்தில் அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும்போது பி12, தைராய்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும், தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளும் நினைவை மங்கவைக்கும். அவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி கருவி. அது தருவது நேர்திசை மின்னோட்டம். மண்டைத் தோலும் எலும்பும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். உள்ளே போகும் மிச்சம் நரம்பணுக்களைத் தானாகத் துடிக்கவைக்காது. ஏற்கெனவே வேலையில் இருக்கும் அணுக்கள் துடிப்பதைச் சற்று எளிதாக்கும், அவ்வளவே. அதனால் மாட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பதில் பயனில்லை. ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை: சிலவற்றில் நினைவு கொஞ்சம் கூடுகிறது, சிலவற்றில் ஒன்றுமே இல்லை.

விளம்பரங்களில் அடிபடக்கூடியது 2022இல் வெளிவந்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு. 65 முதல் 88 வயது வரையுள்ளவர்களுக்கு நாளுக்கு 20 நிமிடமாக நான்கு நாள் கொடுத்ததில், சொற்பட்டியலை நினைவுகூரும் திறன் உயர்ந்து, ஒரு மாதம் கழித்தும் நிலைத்தது. ஆனால் அது மாறுதிசை மின்னோட்டம். மூளையின் பக்கவாட்டு உச்சிப் பகுதிக்கு விநாடிக்கு 4 துடிப்பு, அதன் முன்பகுதிக்கு 60. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தபோது பலன் கிடைக்கவில்லை. அந்த ஆய்வைக் காட்டி உங்கள் கருவியை விற்பது, மிருதங்கத்தைப் புகழ்ந்துவிட்டுத் தம்புராவைக் கையில் கொடுப்பது மாதிரி.

எனவே எங்கள் கருத்து: ரத்தப் பரிசோதனை முடியும்வரை பெட்டி மூடியே இருக்கட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர், தலைக்குள் உலோகம், காதுக்குள் பொருத்திய கருவி, வலிப்பு வந்த வரலாறு இவற்றில் ஒன்று இருந்தாலும் தொடவே வேண்டாம்.

மருத்துவர் சம்மதித்துப் பயன்படுத்துவதானால், பெரும்பாலான தவறுகள் பஞ்சில்தான் நடக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9% உப்புநீரில் நனையுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் நீர் முடிவழியே பரவி, மின்சாரம் எங்கே நுழைகிறது என்பதே தெரியாமல் போகும். காய்ந்துவிட்டாலோ கருவி அதே அளவு மின்னோட்டத்தைத் தள்ள முயன்று மின்னழுத்தத்தைக் கூட்டும். அது ஈரம் மிச்சமிருக்கும் ஒரு புள்ளியில் குவிந்து தோலைச் சுட்டுவிடும். பஞ்சின் பரப்பும் முக்கியம். 35 சதுர சென்டிமீட்டரில் 2 மில்லியாம்ப் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு. அதே மின்னோட்டத்தை 5 சதுர சென்டிமீட்டர் பஞ்சில் விட்டால் அடர்த்தி ஏழு மடங்கு.

நம் வீடுகளுக்கென்று இன்னொன்று உண்டு: தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் மின்சாரம் சரியாகப் பாயாது. ஒரு பட்டை நெற்றியில் வருவதால் திருநீறு, சந்தனத்தையும் துடைத்துவிட வேண்டும். புண், பரு உள்ள இடத்தில் வைக்கக் கூடாது. சார்ஜில் போட்டபடி மாட்டாதீர்கள். மின்னோட்டம் அரை நிமிடத்தில் படிப்படியாக ஏற வேண்டும், இறங்குவதும் அப்படியே. நடுவில் பட்டையைப் பிடுங்கினால் கண்முன் பளிச்சென்று ஒளி தெரியும், தலையில் சுரீரென்று இழுக்கும். லேசான குறுகுறுப்பும் அரிப்பும் இயல்பு. எரிச்சல் ஓரிடத்தில் குத்தலாக மாறினால் உடனே அளவை இறக்கி நிறுத்துங்கள். நன்றாக இருக்கிறதே என்று ஒரே நாளில் இரண்டாம் முறை மாட்ட வேண்டாம்.

பி12 சரியாக இருந்தும் மறதி கூடினால், அல்லது பழகிய பேருந்து வழியும் அடுப்பை அணைப்பதும் மறந்தால், நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் நிபுணரைப் பார்க்கும் கட்டணத்தில் மானியம் கிடைக்கும். பெயர்களுக்கு மட்டும் இன்றே ஒரு பயிற்சி: புதிதாகக் கேட்ட பெயரை ஒரு நிமிடம் கழித்து, பிறகு ஐந்து நிமிடம், அப்புறம் ஒரு மணி நேரம் கழித்து, எழுதியதைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். வராவிட்டால் பார்த்துக்கொண்டு மறுபடி ஒரு நிமிடத்திலிருந்து.