‘மூலிகை’ என்று போட்டிருந்தால் போதுமா? – வாசகர் கேள்வி-பதில்

கே: அரிசி மூட்டையில் வண்டு வந்ததால் மரத்திலிருந்து வேப்பிலை பறித்துப் போட்டேன். இப்போது அரிசியே மக்கு நாற்றம் அடிக்கிறது.
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

ப: பச்சை இலையைப் போட்டிருப்பீர்கள். அந்த ஈரத்தில்தான் பூசணம் பிடித்திருக்கிறது. அந்த அரிசியைச் சமைக்க வேண்டாம். இனி இலையை நிழலில் சருகாகக் காயவைத்துப் போடுங்கள். வசம்பைத் துணியில் முடிந்தும் வைக்கலாம். ஆனால் இவை புது வண்டை விலக்கி வைக்கப் பார்க்குமே தவிர, மணிக்குள் ஏற்கெனவே இட்ட முட்டையை ஒன்றும் செய்யாது. நம் கடலோர ஈரக்காற்றில் 25 கிலோ மூட்டையை மூன்று மாதம் வைத்துச் சாப்பிடுகிற சிறு குடும்பம், மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே லாபம்.

கே: பிளக்கில் மாட்டினால் ஒலி அலையால் கரப்பான், கொசு எல்லாம் ஓடிவிடும் என்கிறார்களே?
– வாசகர், லாஸ்பேட்டை

ப: ஓடாது. நானே இரண்டு வாங்கி, 1,800 ரூபாயை இழந்தேன். இந்த விளம்பரங்களுக்குத் தக்க ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-லேயே தயாரிப்பாளர்களை எச்சரித்துவிட்டது.

கே: பீரோவில் போடும் அந்துருண்டை இயற்கையானதுதானே?
– வாசகி, நெல்லிக்குப்பம்

ப: இல்லை. பெரும்பாலும் நாப்தலீன் என்ற ரசாயனம். குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கே: புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் ‘நூறு சதவீதம் மூலிகை’ கொசு ஊதுபத்தி வாங்கினேன். ஏற்றிய பத்து நிமிடத்தில் கொசு செத்து விழுகிறது. தினமும் ஏற்றலாமா?
– வாசகர், முதலியார்பேட்டை

ப: செத்து விழுவதுதான் எனக்குக் கவலை. நொச்சியோ வேப்பிலையோ புகைந்தால் கொசு விலகும், புகை அடங்கியதும் திரும்பி வரும். பத்து நிமிடத்தில் கொல்கிற வேலையை இலை செய்யாது. மெபர்ஃப்ளூத்ரின் போன்ற செயற்கைப் பூச்சிக்கொல்லி கலந்த பத்திகள் நம் நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. மூடிய அறையில், குழந்தையின் தலைமாட்டில் அதை ஏற்றுகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. பூச்சிக்கொல்லி என்றால் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு எண் வேண்டும். நச்சுத்தன்மையைக் காட்டும் சாய்சதுர வண்ணக் குறியும், என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்ற விவரமும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். பச்சை இலைப் படம் அதற்கு ஈடாகாது. உங்கள் பாக்கெட்டில் இவை இல்லையென்றால் ஏற்றாதீர்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் தொட்டி, குடம், ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் காயவிடுங்கள்.

கே: ஒரே கடையில் மூன்றாவது தடவையும் கரப்பான் மருந்து வாங்கினேன். பலனில்லை. பில் வாங்கவில்லை.
– வாசகர், அரியாங்குப்பம்

ப: முதல் தடவையே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பில் இல்லாமல் என்னிடம் வந்தால் நான் எதை வைத்துப் பேசுவது?

கே: எனக்கு 67 வயது. ‘மூலிகை எண்ணெய், ஐந்து வருட உத்தரவாதம்’ என்று வீட்டுக்கே வந்து கரையானுக்கு அடித்தார்கள். ஜிபேயில் 8,500 ரூபாய் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் நிலைப்படியில் மறுபடி மண் ஏறிவிட்டது. போன் எடுக்க மறுக்கிறார்கள்.
– வாசகி, கடலூர் முதுநகர்

ப: அம்மா, உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. கரையானின் புற்று மண்ணுக்குள் இருக்கும். மரத்தின் மேல் தடவும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. அது தெரிந்துதான் ஐந்து வருடம் என்று சொல்லியிருக்கிறார்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பணம் திரும்பவில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அவர்கள் தந்த கார்டு, உத்தரவாதத் துண்டு, நிலைப்படியின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். ஜிபே ரசீதை இன்றைக்கே யாரிடமாவது கொடுத்துத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.