குப்ரிக்கின் முதல் படம்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் முதல் முழுநீளப் படமான ‘ஃபியர் அண்ட் டிசையர்’ (1953) பார்த்தேன். எதிரி எல்லைக்குள் மாட்டிக்கொண்ட நான்கு சிப்பாய்களின் கதை. சில ஃபிரேம்கள் கண்ணிலேயே நிற்கின்றன, ஆனால் படமாக ஒட்டவில்லை. பட்ஜெட் இல்லாததுதான் காரணமா? குறும்படம் எடுக்கும் எனக்கு இதில் கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா?

அன்புள்ள நண்பருக்கு,

பணத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. குப்ரிக் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து வந்தவர். புகைப்படம் தனியாக நின்றால் போதும், ஷாட் அடுத்த ஷாட்டோடு சேர வேண்டும். நால்வரும் பேசும் இடங்களைப் பாருங்கள். லுக், அதாவது நடிகர் பார்க்கும் திசை, அடிக்கடி இடிக்கிறது, யார் யாரிடம் பேசுகிறார் என்று ஒரு கணம் தேட வேண்டியிருக்கிறது. இருவர் பேசினால் அவர்களை இணைத்து ஒரு கற்பனைக் கோடு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். நால்வர் என்றால் ஆறு கோடுகள். எல்லோரும் தெரியும்படி காட்சி முழுவதையும் எடுக்கும் மாஸ்டர் ஷாட்டை முதலில் எடுங்கள். பிறகு ஒவ்வொரு க்ளோசப்புக்கும் முன்னால், ‘இவர் பார்ப்பது கேமராவுக்கு இடமா, வலமா’ என்று எழுதிவைத்துவிட்டு எடுங்கள்.

அடுத்தது ஒலி. சிக்கனத்துக்காக ஒலியே பதியாமல் படம்பிடித்து, எல்லாக் குரலையும் பிறகு டப்பிங் செய்தார். ஒலிச் சேர்ப்பின் செலவு படப்பிடிப்புச் செலவையே தாண்டிவிட்டது. அப்படியும் தூரத்தில் நிற்பவன் குரலும் பக்கத்தில் இருப்பவன் குரலும் ஒரே மாதிரி கேட்கின்றன, காட்டில் காடே கேட்கவில்லை. டப்பிங்தான் என்று முடிவெடுத்தாலும் ஸ்பாட்டில் பைலட் ட்ராக் (டப்பிங்குக்கு வழிகாட்டும் ஒலிப்பதிவு) எடுங்கள். நடிகர் எந்த மூச்சில் பேசினார் என்பது அதில்தான் இருக்கும். ஆள் யாரும் பேசாத வெறும் இடத்தின் ஒலியையும் ஒரு நிமிடம் தனியாகப் பதியுங்கள்.

இனி, அந்த இரவுக் காட்சி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எதிரிகள் மேல் இவர்கள் பாய்கிறார்கள். சண்டையை முழுதாகக் காட்டவே இல்லை. சிந்திய உணவு, அதைப் பிசைந்து இறுகும் விரல்கள், சில முகங்கள், அவ்வளவுதான். இங்கே வசனம் கிடையாது, அதனால் டப்பிங் கெடுக்க வழியில்லை. திசை குழம்புவதே காட்சிக்குத் தேவை, அதனால் லுக் இடித்தாலும் உறுத்தாது. படத்தைக் கெடுத்த அதே இரண்டு குறைகள் இங்கே பலமாகிவிட்டன. பிற்கால குப்ரிக் முதலில் தெரிவது இங்கேதான் என்பேன்.

மரத்தில் கட்டப்பட்ட பெண், ஒரு சிப்பாயின் உள்ளங்கையிலிருந்து தண்ணீர் குடிக்கும் ஷாட்டும் அப்படித்தான். அந்தச் சிப்பாயாக வரும் பால் மசர்ஸ்கியின் மிகை நடிப்பு சுற்றிலும் இரைந்தாலும் அந்தக் கை நிற்கிறது.

பின்னாளில் குப்ரிக் இந்தப் படத்தை யாரும் பார்ப்பதையே விரும்பவில்லை. அவர் கூச்சம் புரிகிறது, ஆனால் எடுக்கக் கற்பவர்கள் பார்த்தே ஆக வேண்டிய படம் இது. மொத்தமே ஒரு மணி நேரம் சொச்சம்தான். இன்னொரு முறை ஒலியை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். எந்த வெட்டில் நீங்கள் இடறுகிறீர்களோ அங்கே நிறுத்தி, கேமரா எங்கே நின்றிருக்க வேண்டும் என்று காகிதத்தில் வரையுங்கள்.