'கோ' என்பதன் இறந்தகாலம் 'வென்ட்' ஆனது எப்படி?

ஆங்கிலத்தில் 'வாக்' என்பது 'வாக்டு' ஆகும்போது 'கோ' மட்டும் 'கோடு' ஆகாமல் 'வென்ட்' ஆவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பில் 'கோடு' என்றே எழுதி, அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு வாங்கியவன் நான் என்பதால் இந்தக் கேள்வியின்மீது எனக்குத் தனிப் பரிவு உண்டு.

'வென்ட்' பிறப்பால் 'கோ'வுக்கு உறவே அல்ல. பழைய ஆங்கிலத்தில் திரும்புதல், திருப்புதல் என்று பொருள்பட்ட 'வெண்டன்' என்றொரு வினை இருந்தது. அது பிற்பாடு வழிபார்த்துச் செல்லுதல் என்ற பொருளையும் ஏற்று 'வெண்ட்' ஆயிற்று. 'செண்ட்' என்பது 'சென்ட்' ஆவதைப் போல அதன் இறந்தகாலம் 'வென்ட்'. 'கோ'வின் மூலமான 'கான்' என்ற வினைக்கோ, அந்தக் காலத்திலேயே 'ஏயோடெ' என்ற ஒட்டாத வடிவம்தான் இறந்தகாலமாக வழங்கியது. அது தேய்ந்து மங்கிவர, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'வென்ட்' அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது. உடைமையைப் பறிகொடுத்த 'வெண்ட்' தனக்கென 'வெண்டெட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு, இன்று ஏறக்குறைய ஒரே ஒரு மரபுத்தொடரில் ஒதுங்கி வாழ்கிறது. 'கோ'வின் சொந்த வேரிலிருந்து வந்த இறந்தகால எச்சம் மட்டும் சிதையாமல், 'ஹேஸ் கான்' என்பதில் வரும் 'கான்' ஆக, நிலைத்துவிட்டது.

ஸ்காட்லாந்து வழக்கிலோ 'கோ'வுக்கு இணையான 'கே' என்ற வினைக்கு 'கேட்' என்று நேர்வழியில் இறந்தகாலம் அமைத்தார்கள். என் ஆறாம் வகுப்புப் பிழை அங்கே செல்லுபடியாகியிருக்கும்.

பொருளைப் பொறுத்தவரை நாம் அந்நியப்படத் தேவையில்லை. 'மழை பெய்யப் போகிறது' என்று நாம் எதிர்காலத்தைச் சொல்வதைப் போலவே, அவர்களும் 17ஆம் நூற்றாண்டிலிருந்து 'கோயிங் டு' என்பதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். யாரும் எங்கும் நடந்து போவதில்லை. பால் கெட்டுப் போவதற்கும் தலை நரைத்துப் போவதற்கும் அவர்களுக்கும் 'கோ'தான் வேண்டும். ஆனால் கனவு பலித்தால் அங்கே 'கம்'. நம்மிடமும் அது கைகூடி வருகிறதே தவிர, கைகூடிப் போவதில்லை.