தொப்புள் கொடி ரத்தத்தை உறைய வைக்காதீர்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள்

கேள்வி: தாய்மாமனைத்தான் கல்யாணம் செய்திருக்கிறேன். முதல் குழந்தை பிறந்த ஐந்தாவது மாதத்தில் தொற்று வந்து இறந்துவிட்டது. எல்ஏடி-1 என்ற பிறவி எதிர்ப்பு சக்திக் குறைபாடு என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. இப்போது மறுபடி கர்ப்பம், ஏழாவது மாதம். தொப்புள் கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால், இந்தக் குழந்தைக்கு அதே நோய் வந்தாலும் அதை வைத்தே குணப்படுத்தலாம் என்கிறார் அதைச் சேமிக்கும் ரத்த வங்கியின் ஏஜென்ட். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இந்த நோய் பிறவியிலேயே மரபணுவில் இருப்பது. குழந்தைக்கு நோய் இருந்தால் அதன் தொப்புள் கொடி ரத்தத்தில் உள்ள, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லிலும் அதே பழுது இருக்கும், அதைத் திரும்ப ஏற்றினால் அதே நோய்தான் வரும். இது அந்த ஏஜென்ட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவரை அனுப்பும் நிறுவனத்துக்குக் கண்டிப்பாகத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் இதை விற்பது எனக்குத் தாங்கமுடியாத கோபத்தைத் தருகிறது. தனக்கே பின்னால் பயன்படும் என்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லியாயிற்று. ஆனாலும் பிரசவ வார்டு வாசலில் அவர்களை யாரும் தடுப்பதில்லை.

நோய் என்னவென்றால், வெள்ளை அணுக்களின் மேல் இண்டெக்ரின் என்ற புரதங்கள் உண்டு. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கக் கம்பியைப் பிடிக்கிற கை மாதிரி, ரத்தக் குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு தொற்று உள்ள இடத்தில் இறங்க இதுதான் வேண்டும். எல்ஏடி-1-இல் இந்தப் புரதங்களின் சிடி18 என்ற பகுதி சரியாக உருவாவதில்லை. அதனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருக்கும், புண்ணில் சீழே பிடிக்காது, தொப்புள் கொடி விழத் தாமதமாகும். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களும் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் வளர்ந்து எண்ணிக்கையில் சரியாகவே வந்துவிடும். ஆனால் கிருமியைக் காட்டிக்கொடுக்கும் செல்லோடு ஒட்டி நின்று சேதி வாங்க அவற்றுக்கும் எல்எஃப்ஏ-1 என்ற இண்டெக்ரின் வேண்டும், அதிலும் இதே சிடி18தான் இருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருப்பதால், 'எதிர்ப்பு சக்தி ஸ்கிரீனிங்' என்று டி செல் உற்பத்தியை மட்டும் பார்க்கும் பேக்கேஜ் எதையாவது உங்கள் தலையில் கட்டினால் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் காட்டித்தான் ஏமாற்றுவார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நோயுள்ள குழந்தை உயிரோடு இருந்து, அதற்குப் பிறகு பிறக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ நோய் இல்லாமல், ஹெச்எல்ஏ என்ற திசு அடையாளமும் பொருந்தினால், அந்தச் சின்னக் குழந்தையின் தொப்புள் கொடி ரத்தம் மூத்ததற்குப் பயன்படலாம். உடன்பிறந்தவர்களுக்குள் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு 25 சதவீதம்தான். அதையும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனைதான் ஏற்பாடு செய்யும், ஏஜென்ட் இல்லை. உங்கள் நிலைமை அது அல்ல.

நோய் வரும் வாய்ப்பு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று. கருவிலேயே பார்க்கும் பரிசோதனை மூன்றாவது மாதத்தில் செய்யவேண்டியது, முதல் குழந்தை போனபோதே இதை யாராவது உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சரி, இப்போது செய்யவேண்டியது: பிரசவத்தன்றே தொப்புள் கொடியிலிருந்து சில மில்லி ரத்தம் எடுத்து வெள்ளை அணுக்களின் மேல் சிடி18 எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இதைச் செய்யும் லேப் கொஞ்சம்தான், எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். ரத்தம் ஒன்றிரண்டு நாளுக்குள் அங்கே போய்ச் சேரவேண்டும், ஐஸில் வைக்கக்கூடாது. சனிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை அனுப்பும் கலெக்‌ஷன் சென்டரிடம் கொடுக்காதீர்கள். முடிவு தெரியும்வரை பிசிஜி ஊசி (உயிருள்ள கிருமியைக் கொண்ட காசநோய்த் தடுப்பூசி) போடவேண்டாம் என்று குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வழக்கப்படி போட்டுவிடுவார்கள்.

சிடி18 குறைவாக வந்தால் தொற்று வரட்டும் என்று காத்திருக்காமல், வேலூர் சிஎம்சி போல எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் இடத்துக்கு உடனே போங்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பம் என்பதால் பெற்றோரோடு நின்றுவிடாமல் தாத்தா, பாட்டி, மாமா, சித்தி எல்லோருக்கும் ஹெச்எல்ஏ பார்க்கச் சொல்லுங்கள், பொருந்தும் ஆள் வீட்டுக்குள்ளேயே கிடைக்க உங்களுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்.