ஸ்மார்ட் போர்ட் பழக ஆளுக்கு 6,500 ரூபாய் கட்ட வேண்டுமா?

கேள்வி: மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். பழைய மாணவர்கள் சேர்ந்து போன தவணை ஒரு ஸ்மார்ட் போர்ட் வாங்கித் தந்தார்கள். நாங்கள் 16 ஆசிரியர்கள். ஐ.சி.டி. (கணினிப் பாடம்) சேரைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. இப்போது டவுனிலிருந்து ஒருவர் வந்து, இரண்டு சனிக்கிழமை பயிற்சி, ஆளுக்கு 6,500 ரூபாய், பதவி உயர்வுக்கும் உதவும் சான்றிதழ் தருவேன் என்கிறார். அதிபருக்கும் விருப்பம். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம்தான். சேரலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர், காசைக் கட்டாதீர்கள். 16 பேருக்கும் கணக்குப் பார்த்தால் 104,000 ரூபாய் வருகிறது. அவ்வளவு கொடுத்து நீங்கள் பழகப்போவது போர்டைப் போடுவது, அணைப்பது, பேனாவின் நிறத்தை மாற்றுவது. அதை உங்கள் ஐ.சி.டி. சேர் ஒரு பாடவேளைக்குள் காட்டிவிடுவார்.

சான்றிதழ் விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் ஆசிரியர்கள் ஏமாறுவது அங்கேதான். சேவையில் தரம் ஏறுவதற்கு, அதாவது பதவி உயர்வுக்கு, எது கணக்கில் வரும் என்பது 2014 இல் வர்த்தமானியில் வந்த ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பில் இருக்கிறது. தனியார் அச்சடித்துத் தரும் அட்டையைச் சுயவிவரக் கோவையில் போட்டு வைக்கலாம், அவ்வளவுதான். இவர்கள் ஏதாவது ஒரு பதிவிலக்கத்தை நீட்டுவார்கள். அது கம்பனிப் பதிவு என்றால் வியாபாரம் செய்ய எடுத்தது, கல்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதியும் அரச அமைப்பான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இலக்கம் என்றாலும் அவசரப்படாதீர்கள். ஆணைக்குழு ஒரு நிறுவனத்தைப் பதிவது வேறு, ஒரு பாடநெறியைத் தரம் பார்த்து அங்கீகரிப்பது வேறு. "இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு முடியும்.

இந்த ஆட்கள் தோட்டம் தோட்டமாக ஏறி வருவதற்கு இடம் கொடுத்தது நம் அமைப்புத்தான். கல்வி வலயத்தில் செயலமர்வு என்றால் பாடசாலைக்கு ஒருவர். வியாழன் பின்னேரம் வட்ஸ்அப்பில் கடிதம் வரும், வெள்ளி காலையில் ஹட்டனில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இளம் ஆசிரியர்தான் போவார். சிங்களத்தில் தயாரித்த ஸ்லைடுகளைத் தமிழில் விளக்கிக் கேட்டுவிட்டு, "மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்ற கட்டளையோடு திரும்புவார். அதற்கு நேரசூசியில் ஒரு பாடவேளைகூட ஒதுக்கித் தரமாட்டார்கள். அடுத்த ஜனவரியில் அவருக்கு இடமாற்றம் வரும். படிவத்தில் மட்டும் அந்தப் பாடசாலை பயிற்சி பெற்ற பாடசாலை. எத்தனையோ கூட்டங்களில் இதைச் சொல்லியாயிற்று. வரவுப் பதிவை எண்ணுகிறவர்கள், வகுப்பில் என்ன மாறியது என்று வந்து பார்ப்பதே இல்லை.

புரூஸ் ஜோய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் இருவர் 1980களிலேயே இதை எழுதிவிட்டார்கள். விளக்கம் கொடுத்தாலும், செய்து காட்டினாலும், திரும்பிப் போன பிறகு வகுப்பில் கூட நின்று பார்க்க ஒரு சக ஆசிரியர் இல்லாவிட்டால் பழகியது பெரும்பாலும் வகுப்புக்குள் வந்து சேராது. அந்தச் சக ஆசிரியர் உங்கள் பாடசாலையிலேயே இருக்கிறார்.

16 பேரையும் ஒன்றாகக் கூட்ட வேண்டாம். நீங்கள், ஐ.சி.டி. சேர், விருப்பமுள்ள இன்னொருவர் என்று மூன்று பேரோடு தொடங்குங்கள். நேரசூசி போடுகிறவரிடம் பேசி, உங்களுக்கு வகுப்பு இருக்கும் ஒரு பாடவேளையில் மற்ற இருவருக்கும் ஓய்வு வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றம் நடந்தால் பாதி வேலை முடிந்தது. இது நடக்காமல் என்ன பயிற்சி வைத்தும் பலனில்லை.

தரம் 7 க்குப் பின்னம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரொட்டியை நாலாக வெட்டும் படத்தைப் போர்டில் போட்டு, பிள்ளைகளை வந்து துண்டுகளை நகர்த்தச் சொல்கிறீர்கள். மற்ற இருவரும் பின்வரிசை வாங்கில் இருந்து பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். யார் கொப்பியில் தானும் வரைந்து பார்க்கிறது, யார் படம் அசைவதை மட்டும் வேடிக்கை பார்க்கிறது, ஜன்னல் வெளிச்சம் பட்டு எந்த வரிசைக்கு எழுத்து தெரியவில்லை. மணி அடித்ததும் பத்து நிமிடம் பேசி, அடுத்த முறை மாற்ற வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வேறொருவர் கற்பிக்கட்டும். ஐ.சி.டி. சேருக்கு ஒரு கட்டுப்பாடு: மற்றவர் கற்பிக்கும்போது அவர் வாயால் சொல்லலாம், போர்டைத் தொடக் கூடாது. அவர் தொட்டால் அவருடைய கைதான் பழகும். ஆறு வருடம்தான் இருக்கிறது என்று தயங்காதீர்கள் டீச்சர். எந்தப் பொத்தான் என்பது அவருக்குத் தெரியும், பிள்ளை எந்தப் படியில் தடுமாறும் என்பது உங்களுக்குத் தெரியும். பாடத்துக்கு இரண்டும் வேண்டும்.

முதல் வாரமே உங்களைப் பயமுறுத்தப் போவது எழுத்துரு. வீட்டு லெப்டொப்பில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்த ஸ்லைடைப் பென்டிரைவில் கொண்டுவந்து போர்டில் திறந்தால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். பிள்ளைகள் முன்னால் இப்படி நடந்தால் பலர் அதற்குப் பிறகு போர்டுப் பக்கமே போவதில்லை. போர்ட் பழுதில்லை, அதில் பாமினி இல்லை. தனி எழுத்துரு போடாமலே பெரும்பாலான கருவிகளில் தெரியும் யுனிகோடில் டைப் செய்யுங்கள். பழைய ஸ்லைடு என்றால் லெப்டொப்பிலேயே பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுவாருங்கள், எழுத்து மாறாது. பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்திலும், கடந்தகால வினாத்தாள்கள் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதையே சீடியில் போட்டு விற்பவர்களிடம் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது கணக்கு விஷயத்தில். "டீச்சர், உங்களுக்கு ஏன் சிரமம், நானே கூகுள் கணக்குத் திறந்து தாறேன்" என்று பயிற்சிக்காரர் தன் போன் நம்பரைக் கொடுத்துத் திறப்பார். நானறிந்த ஒரு பாடசாலையில் ஆசிரியர்கள் ஒரு வருடமாகச் சேர்த்த வினாத்தாளும் பாடமும் புள்ளிப் பட்டியலும் அப்படி ஒரு கணக்கில் இருந்தன. புதுப்பிக்கக் காசு என்று கேட்டார், கொடுக்க மறுத்ததும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். சரிபார்க்கும் குறுஞ்செய்தி அவருடைய போனுக்குத்தானே போகும்! யாரிடம் முறையிட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. பாடசாலைக் கணக்கின் மீட்பு நம்பர் பாடசாலைக்கென எடுத்த சிம்மாக இருக்கட்டும். கடவுச்சொல் ஒரு கடித உறையில் அதிபரின் அலுமாரியில் இருக்கட்டும், அதிபர் மாறும்போது கையளிப்புப் பட்டியலில் அதையும் எழுதட்டும். பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்துத் தன் விளம்பரத்துக்குப் போடுவதையும் இதே ஆட்கள்தான் செய்கிறார்கள். படமெடுக்க விடாதீர்கள்.

வெளியாளுக்குக் காசு கொடுப்பது சரியாகும் இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் பாடசாலைக்கு இது பொருந்தாது, ஆனால் வாசிக்கும் பலருக்குப் பொருந்தும். தரம் 5 வரை மட்டுமுள்ள, நாலு ஆசிரியர்கள் இருக்கும் தோட்டப் பாடசாலை. அங்கே ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பைப் பார்க்கிறார். ஓய்வுப் பாடவேளை என்ற பேச்சுக்கே இடமில்லை, மூன்று பேர் ஒன்றுகூட முடியாது. பக்கத்துப் பாடசாலையோடு சேருங்கள் என்று வலயத்தில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எதிர் மலையில் கண்ணுக்குத் தெரியும் பாடசாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பது வரைபடத்தில் தெரியாது. இவர்கள் இன்னொரு பாடசாலையில் இப்படி இரண்டு வகுப்பைச் சேர்த்துக் கூட்டுவகுப்பு நடத்திப் பழகிய ஆசிரியர் ஒருவரை, ஓய்வு பெற்றவரானாலும் சரி, அழைக்கலாம். போக்குவரத்தும் சாப்பாடும் ஒரு நாள் கொடுப்பனவும் கொடுப்பது நியாயம். அவர் ஸ்லைடு காட்ட வரக் கூடாது. வகுப்பில் பிள்ளைகளோடு இருந்து ஒருவருக்குக் கைகொடுக்கட்டும், அடுத்த முறை மற்றவருக்கு. அழைப்பு அதிபரின் கடிதத்தில் போக வேண்டும், செலவு பாடசாலை மட்ட ஆசிரியர் அபிவிருத்தி என்ற தலைப்பில் ஆண்டுத் திட்டத்தில் வர வேண்டும். பெற்றோரிடம் கொழுந்துச் சம்பளத்திலிருந்து பிரிக்கக் கூடாது. இடையில் வரும் எந்தத் தரகருக்கும் இதில் வேலையில்லை.

உங்கள் அதிபரிடம் பேசப் போகும்போது போர்ட் வாங்கிய பில்லையும் உத்தரவாத அட்டையையும் எடுத்துப் போங்கள். போர்டின் விலையோடு ஒரு நாள் பயிற்சியும் சேர்ந்திருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் விற்ற இடத்துக்குக் கடிதம் போட்டு அதைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் காசு. டவுன்காரருக்கு அதிபரே எழுத்தில் பதில் கொடுக்கட்டும். யாராவது ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டை இந்த வாரமே கேட்டு வாங்கி வையுங்கள்.