சுக்கானை அறுக்கும் முன்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பாய்மரப் படகைத் திருப்பப் பின்னால் தண்ணீரில் இறங்கும் தகடான சுக்கான் பற்றியவை. அதிலும் பாதிப் பேர் ரம்பத்தைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு எழுதியிருக்கிறார்கள். பழைய பாட்டை மறுபடி பாடுகிறேன்: எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் உங்கள் கிளாஸ் விதிகளை, அதாவது உங்கள் வகைப் பந்தயப் படகுக்கான விதிகளைப் படியுங்கள். பிறகு பழைய தகட்டை ஓர் அட்டையில் வைத்து உருவம் வரைந்து பத்திரப்படுத்துங்கள். அறுத்த மரம் திரும்ப ஒட்டாது.

கே: ஐஎல்சிஏ என்ற சிறு பந்தயப் படகு வைத்திருக்கிறேன். சுக்கான் தகட்டை இழைத்துக் கொஞ்சம் மெல்லிசாக்கினால் வேகம் கூடுமா?

ப: வேகம் கூடுமோ இல்லையோ, பந்தயத்திலிருந்து வெளியே போவீர்கள். லேசர் என்ற பெயரில் இருந்த காலம் முதலே அது எல்லாப் படகும் ஒன்றுபோலவே இருக்க வேண்டிய கண்டிப்பான கிளாஸ். கீறலைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம், வடிவத்தையும் பருமனையும் தொடக் கூடாது.

கே: சுக்கானின் முன்விளிம்பைக் கத்தி போலக் கூராக்கினேன். நேராகப் போகும்போது அருமை. ஆனால் மிதவையைச் சுற்றும்போது திடீரென்று பிடி விட்டுப்போகிறது. ஏன்?

ப: கத்தி போலக் கூராக்கியதால்தான். தண்ணீர் நேராக எதிரே வரும்வரை கூரான விளிம்பு ஒன்றும் செய்யாது. டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடிக் கோலை) நாலைந்து டிகிரி திருப்பியதும் தண்ணீர் அந்தக் கூரைச் சுற்றி வளைய முடியாமல் தகட்டை விட்டுப் பிரிகிறது. அதுதான் ஸ்டால். ஒழுங்கான வடிவம் உள்ள தகடு 12 முதல் 15 டிகிரி வரை தாங்கும்.

மீன் தலையைப் பாருங்கள், மழுங்கலாகத்தான் இருக்கும். 1930-களில் விமான இறக்கைக்காக அமெரிக்கர்கள் வகுத்த நாக்கா 0012 வடிவத்தைத்தான் இன்றும் பல சுக்கான்களுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்கிறோம். உங்கள் தகடு 24 செ.மீ. அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வடிவத்தில் பருமன் அகலத்தில் 12 சதவீதம், ஆக அதிகபட்சப் பருமன் 29 மி.மீ. அது முன்விளிம்பிலிருந்து 7 செ.மீ. பின்னால் வர வேண்டும். முன்விளிம்பின் வளைவு 4 மி.மீ. ஆரம், அதாவது ஏறக்குறைய ஒரு பென்சிலின் பருமன். எபாக்ஸி பிசினில் ஃபில்லர் (கெட்டியாக்கும் தூள்) கலந்து முன்விளிம்பைக் கட்டி எழுப்புங்கள். அட்டையில் பாதி வடிவத்தை வெட்டி வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்துத் தேயுங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தில் பள்ளம், அட்டை தட்டும் இடத்தில் மேடு. கண்ணை நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதாகக் கண் சொல்லும், அட்டைதான் உண்மை சொல்லும். தேய்க்கும்போது மூக்கு மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: வேகம் எடுத்ததும் சுக்கான் 'ம்ம்ம்' என்று பாடுகிறது. ஆபத்தா?

ப: ஆபத்து இல்லை, காதுக்குத்தான் தொந்தரவு. பின்விளிம்பு தடித்து உருண்டிருக்கும். அதன் இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று தகட்டை அதிர வைக்கின்றன. பின்விளிம்பை 2 மி.மீ. அளவுக்கு மெலிதாக்கி, ஒரு பக்கம் மட்டும் 30 முதல் 45 டிகிரிக்குச் சாய்வாகத் தேயுங்கள். பாட்டு நின்றுவிடும். அதற்கும் மெலிதாக்கினால் முதல் முறை கரையில் இடிக்கும்போதே உடையும்.

கே: சுக்கான் சரியில்லை. என்ன மாற்றம் செய்யலாம்?

ப: எந்தப் படகு, எவ்வளவு காற்று, எந்தத் திசை, டில்லர் எந்தப் பக்கம் இழுக்கிறது, இதில் ஒன்றுமே எழுதவில்லை. 'உடம்பு சரியில்லை, மருந்து அனுப்புங்கள்' என்று வைத்தியருக்குத் தபால் போடுவீர்களா?

கே: மடக்கும் சுக்கான் வைத்திருக்கிறேன். சில நாள் டில்லர் பஞ்சு போல இருக்கிறது, சில நாள் கை கழன்றுவிடும் போல இருக்கிறது. காற்று என்னவோ ஒன்றுதான்.

ப: கனமாக இருக்கும் நாளில் தகடு முழுதாகக் கீழே இறங்கியிருக்காது. கயிறு நெகிழ்ந்திருக்கும், அல்லது அதைக் கவ்விப் பிடிக்கும் கிளீட் வழுக்கும். தகட்டின் மேல் விழும் விசை, முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால்வாசி தூரத்தில் விழுவதாக வைத்துக்கொள்ளலாம். 24 செ.மீ. தகட்டில் அது 6 செ.மீ. சுக்கான் திரும்பும் அச்சு முன்விளிம்புக்கு 4 செ.மீ. முன்னால் இருந்தால், விசைக்கும் அச்சுக்கும் இடையே 10 செ.மீ. இதே தகடு 10 டிகிரி பின்னால் சாய்ந்தால், 45 செ.மீ. ஆழத்தில் அது 8 செ.மீ. பின்னுக்குப் போய்விடுகிறது. 10 இருந்த இடத்தில் 18. கையில் பாரம் இரட்டிப்பாகத் தெரியாமல் என்ன செய்யும்?

நீளாத கயிறு போடுங்கள். தகடு முழுதாக இறங்கும்போது கயிற்றில் ஒரு மை அடையாளம் வைத்துவிடுங்கள். விதி இடம் கொடுத்தால், முன்விளிம்பு அச்சுக்கு ஒட்டினாற்போல அல்லது சற்று முன்னால் வரும்படி தகட்டின் மேல்பாகத்தை மாற்றி அறுக்கலாம். ஆனால் பரப்பில் 15 சதவீதத்துக்கு மேல் அச்சுக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். அதைத் தாண்டினால் டில்லர் கையில் ஒன்றும் சொல்லாது. இன்னும் போனால் சுக்கான் தானாகவே ஒரு பக்கம் ஓடி விழும். அறுக்கும் முன் அட்டையில் வரைய மறக்க வேண்டாம்.

கே: காற்று ஏறினால் படகு காற்றை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டே போகிறது. டில்லரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சுக்கானை 30 சதவீதம் அகலமாக்க முடிவு செய்துவிட்டேன். உள்ளே வைக்க எந்த ஃபோம் நல்லது?

ப: ஃபோமுக்கு அப்புறம் வருவோம். இந்தக் கடிதம் ஒவ்வொரு பருவத்திலும் யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் சுக்கானுக்குத்தான் தண்டனை. வெதர் ஹெல்ம், அதாவது படகு இப்படிக் காற்றை நோக்கித் திரும்புவது, சுக்கானின் குற்றம் இல்லை ஐயா! நடப்பதைச் சுக்கான் உங்கள் கைக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். செய்தி பிடிக்கவில்லை என்று தபால்காரரை அடிப்பார்களா?

படகு சாயும்போது பாயும் சேர்ந்து வெளியே சாய்கிறது. முன்னே தள்ளும் விசை படகின் நடுக்கோட்டை விட்டு, காற்று போகும் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. தள்ளுவண்டியை வலது மூலையில் மட்டும் தள்ளிப் பாருங்கள், இடது பக்கம் திரும்பும். அதே கதைதான் இங்கே. அதோடு சாய்ந்த படகின் அடிப்பாகமும் ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் ஒட்டி, படகை அதே திசைக்குத் திருப்பும். நீங்கள் சுக்கானை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த இரண்டும் மாறப்போவதில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். படகை நேராக வைத்திருக்கத் தேவையான விசை அதேதான். சுக்கானை அகலமாக்கினால் அந்த விசை அச்சிலிருந்து இன்னும் தள்ளி விழும். ஆக, கை வலி குறையாது, கூடும். தண்ணீரில் இழுக்கும் பரப்பும் கூடும்.

இப்படித்தான் ஒருவர் ஒரே பருவத்தில் மூன்றாவது சுக்கானைக் கட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வேலைப்பாடு என்றால் அப்படி ஒரு வேலைப்பாடு, வார்னிஷில் முகம் பார்க்கலாம். அவர் படகில் நான் ஏறினேன். காற்றின் வேகம் 14 நாட் (மணிக்கு 26 கி.மீ.) இருக்கும். டில்லர் மடியில் வந்து இடிக்கிறது, படகு 25 டிகிரி சாய்ந்து கிடக்கிறது, அவரோ சுக்கானின் வடிவம் பற்றிப் பேசிக்கொண்டே வருகிறார். மெயின்ஷீட்டை (பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை) ஒரு சாண் விடச் சொன்னேன். இருவரும் காற்று வரும் பக்கம் வெளியே தொங்கினோம். படகு நிமிர்ந்தது. டில்லரை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, பழைய சுக்கானே இதற்குப் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். அந்தப் புதுச் சுக்கான்களை அடுத்து என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. டில்லரில் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் டேப் ஒட்டுங்கள். காற்றை எதிர்த்து ஏறும்போது அந்த டேப் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். 7 செ.மீ. என்றால் 4 டிகிரி. அது நல்லதுதான், பக்கவாட்டில் தள்ளும் பாரத்தில் சுக்கானும் ஒரு பங்கு சுமக்கிறது என்று அர்த்தம். அதைப் பூஜ்யமாக்கப் பார்க்காதீர்கள். 17, 18 செ.மீ. விலகினால் 10 டிகிரி, பிரேக் போட்டுக்கொண்டே ஓட்டுகிறீர்கள். அப்போது, முதலில் படகை நிமிர்த்துங்கள். அடுத்து மெயினை (பெரிய பாயை) தளர்த்துங்கள், கன்னிங்ஹாமை (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிற்றை) இழுத்துப் பாயைத் தட்டையாக்குங்கள். முன்பாயான ஜிப் தளர்ந்து கிடக்கிறதா பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் படகின் நடுவில் கீழே இறங்கும் தகடான சுழலும் சென்டர்போர்டைக் கொஞ்சம் தூக்குங்கள். கரைக்கு வந்த பிறகு பாய்மரம் பின்னால் அதிகம் சாய்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இத்தனையும் செய்து, அப்போதும் 10 டிகிரி நின்றால் எனக்கு எழுதுங்கள். ஃபோம் பற்றிப் பேசுவோம்.

கே: பலத்த காற்றில் சுக்கானைச் சுற்றிக் குமிழி கிளம்பிப் பிடி விட்டுப்போகிறது. இந்த கேவிடேஷனை எப்படித் தடுப்பது?

ப: அது கேவிடேஷன் இல்லை. தண்ணீரே கொதித்து ஆவியாகும் வேகத்துக்கு உங்கள் படகு போகாது, போனால் எனக்கும் ஓர் இடம் வையுங்கள். இது வெண்டிலேஷன், அதாவது மேற்பரப்பிலிருந்து காற்று தகட்டின் அழுத்தம் குறைந்த பக்கத்தில் உறிஞ்சப்பட்டு இறங்குகிறது. டிரான்சத்தில் (படகின் பின்பலகையில்) தொங்கும் சுக்கான்களுக்கு இது பிறவி வியாதி. அந்த நொடியில் டில்லரை இன்னும் இழுக்காதீர்கள். நடுவுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் மறுபடி ஒட்டியதும் மெதுவாகத் திருப்புங்கள். நீர்மட்டம் படும் இடத்தில் முன்விளிம்பில் வெட்டு, கீறல் இருந்தால் அடையுங்கள். விதி அனுமதித்தால் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கிடையாக ஒரு சின்ன தட்டு வைக்கலாம், காற்று இறங்கும் வழியை அது மறிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் படகைச் சாயவிடாதீர்கள். மேலே உள்ள பதிலையும் படியுங்கள்.

கே: தகட்டின் ஆழத்தை 20 சதவீதம் கூட்டி, அகலத்தை அப்படியே விடப்போகிறேன். தகட்டை மேலே பிடித்திருக்கும் பழைய சுக்கான் தலையே போதும்தானே?

ப: நீண்டு ஒடுங்கிய தகடு நல்ல தகடுதான், ஆனால் கணக்குப் போடுங்கள். அதே கோணத்தில் விசை 1.2 மடங்கு. அது விழும் தூரமும் 1.2 மடங்கு. தலைக்குக் கீழே தகட்டை வளைக்கப் பார்க்கும் பாரம் 1.44 மடங்கு, ஏறக்குறைய ஒன்றரை. உடைந்த சுக்கான்களைப் பாருங்கள், பெரும்பாலும் தலை முடிந்து தகடு தொடங்கும் அந்த ஒரு விரல்கடை இடத்தில்தான் ஒடிந்திருக்கும். வளைவைத் தாங்க, நீளவாக்கில் ஒரே திசை நார் கூடுதலாக வையுங்கள். முறுக்கைத் தாங்க 45 டிகிரியில் துணி சுற்றுங்கள். தலையின் கன்னங்களையும் போல்ட்டையும் சேர்த்துப் பலப்படுத்துங்கள். கிளாஸ் விதி பார்த்தாயிற்றா?

கே: எபாக்ஸி மூன்று நாளாகியும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது. அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டித்தான் ஊற்றினேன்.

ப: பாலியெஸ்டர் பிசினில் செய்யும் பழக்கத்தை எபாக்ஸியில் செய்திருக்கிறீர்கள். இதில் ஹார்ட்னர் கூடினால் சீக்கிரம் இறுகாது, இறுகவே இறுகாது. விகிதம் தராசில் நிறுத்தால் கிராம் சுத்தமாக நிற்க வேண்டும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். வழவழப்பு மேலே மட்டும் மெழுகு போலப் படர்ந்து, அடியில் நகம் இறங்காத கெட்டி என்றால் கவலை இல்லை. தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத் தேயுங்கள். மூக்கு மூடி, மறக்க வேண்டாம்.

கே: சுக்கானுக்கு மெழுகு பூசினால் வழுக்கி ஓடுமா?

ப: ஓடாது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் 600 நம்பர் உப்புத்தாளில் ஒரே சீராகத் தேய்த்தால் போதும். உராய்வைக் குறைக்கத் தண்ணீரில் கரைந்து கசியும் பூச்சுகளைப் பந்தய விதியே தடை செய்கிறது.

கே: சுக்கானைப் படகில் மாட்டும் பின்டில் ஊசிகளில் அரை மி.மீ., ஒரு மி.மீ. ஆட்டம் இருக்கிறது. புதுத் தகடு செய்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

ப: தலைகீழ். முதலில் ஆட்டம், அப்புறம்தான் தகடு. இரண்டு பின்டில்களுக்கும் இடையே 20 செ.மீ. என்றால், அங்கே 1 மி.மீ. ஆட்டம் ஒரு மீட்டர் கீழே தகட்டு நுனியில் 5 மி.மீ. ஆகிறது. ஊசியைச் சுற்றி அசிட்டல் பிளாஸ்டிக் புஷ் (உள்வளையம்) போடுங்கள். நைலான் தண்ணீரில் ஊறி உப்பும், நாலு நாளில் சுக்கான் திரும்ப அடம் பிடிக்கும்.

கே: படகு கவிழ்ந்தபோது சுக்கான் கழன்று மிதந்து போய்விட்டது. புதிதாகச் செய்யும்போது எந்த வடிவம் நல்லது?

ப: வடிவம் கிடக்கட்டும். கழன்று விழாமல் தடுக்கும் கிளிப் எங்கே?